காவல்துறையின் ஆண்டுக் கணக்கு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புள்ளியியல்)

காவல்துறையைப் பற்றி இம்மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் விடுதி நண்பர்கள் நகைத்தனர். "சண்டையெல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்து இறங்குவார்களே, அவர்களைப் பற்றியா?" என்றான் ஒருவன். திரைப்படம் நமக்குக் கற்றுத் தந்த காவல்துறை அவ்வளவே. புள்ளியியல் மாணவனாகிய என்னை அத்துறையின் பக்கம் இழுத்ததோ ஒரு சைக்கிள்.

நான் முதலாண்டில் சேர்ந்த 2023இல், பேருந்து நிலையத்தருகே பூட்டி வைத்திருந்த என் சைக்கிள் காணாமற் போயிற்று. ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா வாங்கித் தந்தது அது. காவல் நிலையம் சென்றேன். ரைட்டர் என் மனுவை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். "கிடைத்தால் சொல்லி அனுப்புகிறோம், தம்பி" என்றார். ரசீது கேட்டேன். "சைக்கிளுக்கா?" என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்கு வலித்தது.

ஊருக்குப் போய் மாமாவிடம் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. "உன் சைக்கிளை எழுதினால் அது அவர்கள் தலையில் ஒரு பாக்கி, மாப்பிள்ளை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் பொருள் விளங்க எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வைக்கப்படுகிறது. எத்தனை வழக்குகள், எத்தனை கண்டுபிடிப்புகள், மீட்கப்பட்ட சொத்தின் மதிப்பு எவ்வளவு என்பன அதில் இருக்கும். நாடு முழுமைக்குமான குற்றக் கணக்கு 1953ஆம் ஆண்டு முதற்கொண்டு வெளிவருகிறது. 1986இல் தோன்றிய தேசிய குற்றப் பதிவேடுகள் ஆணையம் இப்போது அதனைத் தொகுக்கிறது. இந்த நூல்களில் எண்ணப்படுவது குற்றம் அன்று, பதியப்பட்ட வழக்கு. அதிலும் ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால் மிகக் கொடியது ஒன்றே கணக்கில் ஏறும். கொலை செய்து நகையைப் பறித்தவனின் செயல் கொலைப் பட்டியலில் மட்டும் நிற்கும்.

கண்டுபிடிப்பு விகிதத்தைப் பாருங்கள். கற்பனையாக ஒரு நகரில் நூறு திருட்டுகள் என்று கொள்வோம். நிலையங்கள் 40 மட்டும் பதிந்து 30ஐக் கண்டுபிடித்தால் விகிதம் 75 சதவீதம். அடுத்த நகரில் நூறையும் நேர்மையாகப் பதிந்து 40ஐக் கண்டுபிடித்தால் 40 சதவீதம். பத்துத் திருடர்களை அதிகம் பிடித்த நகரமே அறிக்கையில் தோற்று நிற்கிறது! மாமா "பாக்கி" என்றது இதைத்தான். என் சைக்கிள் முதல் நகரத்தின் எழுதப்படாத அறுபதில் ஒன்று.

சட்டம் இதற்கு இடம் தரவில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டியது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தில் 173ஆம் பிரிவாக இருக்கிறது. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம். நிலையத்தில் மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம்.

அப்படியானால் ரைட்டர் மட்டுமே குற்றவாளியா? ஆள் கணக்கையும் பார்த்த பிறகே சொல்ல முடியும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு வாசலில் ஒரு காவலர் இரவும் பகலும் பாரா நிற்க வேண்டுமானால், ஆளுக்கு வாரம் 48 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றரை பேர் தேவை. விடுப்பு, பயிற்சி, நோய் இவற்றையும் சேர்த்தால் நாலுக்கு மேல். ஒரே ஒரு பாராவுக்கு! இதற்கு மேல் கோர்ட் டூட்டி, சம்மன், வாரண்ட், இரவு ரோந்து. 2020 ஜனவரி 1 நிலவரப்படி இந்தியாவில் ஒரு லட்சம் மக்களுக்கு அனுமதிக்கப்பட்ட காவலர் சுமார் 195. உண்மையில் பணியில் இருந்தோர் சுமார் 156. இடையிலுள்ள வெற்றிடத்தை இருப்பவர்களின் தூக்கம் நிரப்புகிறது.

மாமா பல ஆண்டுகள் திருச்சி மாநகரில் பணி செய்தவர். திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி என்றால் எங்கள் வீட்டில் மாமா இல்லாத நாள் என்று பொருள். சொர்க்கவாசல் பந்தோபஸ்துக்குப் போனவர், எத்தனையோ ஆண்டுகள் அங்கே நின்றும் பெருமாளைப் பார்த்ததில்லையாம். கூட்டத்தை நோக்கி நிற்பவருக்கு முதுகுப் பக்கந்தானே பெருமாள்! இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுமுறை வழங்கும் அரசாணை 2021 நவம்பரில்தான் வந்தது. மாமாவின் பணிக்காலம் அதற்குள் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

அவர் மகிழ்ச்சியோடு பேசும் காலம் ஒன்று உண்டு. 1997இல் திருச்சி மாநகரக் காவல் ஆணையரகம் உருவாயிற்று. 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பிற நகரங்களிலும் அச்சம் பரவியது. அந்தச் சூழலில், 1999 முதல் 2001 வரை திருச்சி ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி ஒரு முறையைக் கொண்டுவந்தார். நகரைச் சிறு சிறு பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு காவலர்களை நிலையாக ஒப்படைத்தார். இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று மாறாமல் அதே தெரு, அதே முகம். தெருக்களில் புகார்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பெயர் எழுதாமலும் அவற்றில் போடலாம். குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுத்தது. பெண்களுக்கு உதவித் தொலைபேசியும் வந்தது.

மாமாவுக்கும் ஒரு பீட் கிடைத்தது. "முதல் மாதம் நான் தெருவுக்குள் நுழைந்தால் கதவைச் சாத்துவார்கள். ஆறாவது மாதம் ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தரச் சொல்லி ஒரு பாட்டி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். அதற்கப்புறம் எந்த வீட்டில் யார் குடித்துவிட்டு அடிக்கிறான் என்பது அடி விழுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்" என்பார். விழாமற் போன அந்த அடிகளை எந்த ஆண்டறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மக்கள் நம்பினால் புகார் பெருகும், வழக்கு எண்ணிக்கை உயரும். மறுநாள் செய்தித்தாளில் "குற்றங்கள் அதிகரிப்பு" என்று வரும். இதை அஞ்சாத அதிகாரியிடம்தான் இம்முறை பிழைக்கும். அதிகாரிகளோ அடிக்கடி மாற்றப்படுகிறவர்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், நிலையப் பொறுப்பாளர் உட்படக் களப்பணி அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டும் என்று சொல்ல நேர்ந்தது.

மக்கள் ஒத்துழைப்பு என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கும் நம் மாநிலமே சான்று. 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கிய 'போலீஸ் நண்பர்கள்' திட்டத்தில் இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு சேர்ந்தனர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவலில் எடுக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது, எனினும் ஜூலையில் அரசு தடை விதித்தது. மாமாவிடம் இதுபற்றிக் கேட்டேன். "தெருவின் ஆளாக ஸ்டேஷனுக்கு வர வேண்டியவனை ஸ்டேஷனின் ஆளாகத் தெருவுக்கு அனுப்பினால் அப்படித்தான்" என்றார். எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

சென்ற மாதம் என் அறைத் தோழனின் செல்பேசியைப் பேருந்தில் யாரோ திருடிவிட்டனர். இருவருமாகக் காவல் நிலையம் சென்றோம். மனுவில் 173ஆம் பிரிவு என்று நான் எழுதியிருந்ததை அங்கிருந்த பெண் உதவி ஆய்வாளர் படித்துவிட்டு, "சட்டக் கல்லூரியா?" என்று கேட்டார். "இல்லை அம்மா, புள்ளியியல்" என்றேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். நகலைக் கையில் கொடுத்தே அனுப்பினார்கள். செல்பேசி இன்னும் கிடைக்கவில்லை.