பைனஸ் காடும் தீயும்

ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை, கொழும்பில் தென்மேற்குப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும் காலத்தில், மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில் ஈரம் இழந்த காற்று வீசும். வெள்ளவத்தையில் நாம் குடை பிடித்து நடக்கும் நாளிலேயே எல்லவிலோ பண்டாரவளையிலோ ஒரு பைனஸ் மலை எரிந்துகொண்டிருக்கலாம். பதுளை ரயிலில் போனவர்களுக்கு அந்தக் காடுகளைத் தெரியும். வரிசை பிசகாமல் நிற்கும் நெட்டை மரங்கள், அடியில் பழுப்பு நிறச் சருகு, அதற்குள் புல்பூண்டு அதிகம் இல்லை.

இலங்கையில் இயற்கையாக வளர்ந்த பைன் இனம் ஒன்றுகூட இல்லை. நம் மலைகளில் பெரும்பாலும் நிற்பது கரிபியன் பைன். கியூபா, பஹாமாஸ், ஹொண்டூராஸ், நிக்கராகுவா ஆகியவை அதன் தாயகம். 1960களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வனத் திணைக்களம் இதை நட்டது. கைவிடப்பட்ட தேயிலை நிலம், மானாப்புல் மண்டிய பத்தனை, மகாவலி மேல்நீரேந்துப் பகுதியின் மொட்டைச் சரிவுகள் எல்லாம் இதற்கு இடமாயின. மண் கழுவிப்போன அந்த நிலத்தில் வேறு மரங்கள் எளிதில் பிடிக்கவில்லை. பைன் பிடித்தது.

தாயகத்தில் இந்த மரம் தீயோடு வாழப் பழகியது. அங்கே பைன் மரங்களும் புல்லும் கலந்த வெளிகளில் மின்னலாலும் மனிதராலும் அடிக்கடி தீ பிடிக்கும். அது தரையோடு ஓடும் தீ. வளர்ந்த மரத்தின் தடித்த பட்டை உள்ளிருக்கும் உயிருள்ள படலத்தைச் சூடு அண்டாமல் காக்கிறது. தாழ்ந்த கிளைகள் உதிர்ந்துவிடுவதால் சுடர் உச்சிக்கு ஏற வழியில்லை. பட்டை தடிக்காத இளங்கன்றுகள்தான் சாகின்றன.

தீ போன பின் தரையில் சருகு இல்லை, நிழல் இல்லை, வெறும் மண்ணும் சாம்பலும் மட்டுமே. பைன் விதைக்கு வேண்டியதும் அதுதான். சிறகு வைத்த அந்தச் சிறு விதை தடித்த சருகின் மேல் விழுந்தால் வேர் மண்ணைத் தொடுமுன் காய்ந்துபோகும். நிழலில் முளைத்தாலும் நீடிக்காது. அதனால் அடர்ந்த பைன் காட்டுக்குள் பைன் கன்றையே காண்பது அரிது.

விதையை எப்போது விடுவது என்பதைக் கூம்பு தீர்மானிக்கிறது. ஹந்தானையில் பொறுக்கிய கூம்பு ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் விரிந்த செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். வெயிலில் வைத்தால் மீண்டும் விரியும். செதிலின் வெளிப்புற அடுக்கு ஈரத்தில் நன்றாக நீள்கிறது. உட்புற அடுக்கு அவ்வளவு நீள்வதில்லை. அதனால் செதில் உள்நோக்கி வளைகிறது. உயிரற்ற கூம்பிலும் இது நடக்கும். விதை காய்ந்த காற்றில்தான் தொலைதூரம் பறக்கும் என்பதால் மழை நாளில் கதவடைத்து வைக்கிறது மரம். இதைவிட நேர்த்தியான பொறி ஒன்றை நான் பார்த்ததில்லை.

சில இனங்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. வட அமெரிக்காவின் லாட்ஜ்போல் பைனில் பல மரங்களின் கூம்புகள் பிசினால் முத்திரையிட்டு ஆண்டுக்கணக்கில் மூடியே கிடக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகினால்தான் திறக்கும். 1988இல் யெலோஸ்டோன் பூங்காவில் சுமார் 3,20,000 ஹெக்டேயர் நிலத்தைத் தீ தொட்டது. பூங்காவே அழிந்தது என்று பலர் எண்ணினார்கள். சில ஆண்டுகளில் கருகிய மரங்களுக்கு இடையே கன்றுகள் நெருக்கமாக எழுந்தன. கரிபியன் பைனின் கூம்புக்கு இந்த முத்திரை இல்லை.

இலங்கைக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. இங்கே மின்னல் மழையோடுதான் வரும், அதனால் பைனஸ் காட்டில் பிடிக்கும் தீ ஏறக்குறைய எல்லாமே மனிதர் வைத்தது. மாட்டுக்கு இளம்புல் வேண்டி வைப்பார்கள், வேட்டைக்காக வைப்பார்கள், அணையாத பீடித் துண்டாலும் பிடிக்கும். பிசின் நிறைந்த ஊசி இலை மெதுவாகவே மக்குவதால் எரிபொருள் எப்போதும் தயாராகக் கிடக்கிறது. வளர்ந்த பைன் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. சருகினூடே தலை நீட்டிய நம் நாட்டு மரக்கன்றுகள் தப்புவதில்லை, அவற்றுக்குத் தீயைத் தாங்கும் பட்டையும் இல்லை, பழக்கமும் இல்லை. அவற்றின் இடத்தில் மானாவும், சிங்களத்தில் கெக்கில்ல எனப்படும் பன்னமும் மண்டுகின்றன. அடுத்த மழையில் வெறும் சரிவின் மண் ஆற்றுக்குப் போகிறது.

பைனஸ் அடியில் எதுவும் முளைக்காது, மண் நஞ்சாகிவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். அதைப் பொய்யாக்கியது சிங்கராஜ வனத்தின் ஓரம். 1970களின் பிற்பகுதியில் அங்கே நட்ட பைன் தோப்பில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக, சாவித்திரி குணதிலக தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் ஆஷ்டனும் 1991இல் ஒரு சோதனையைத் தொடங்கினர். பைன் வரிசைகளை வெவ்வேறு அகலத்தில் வெட்டி வெளிச்சம் விட்டு, மழைக்காட்டு மரங்களான ஹொர, நாக மரம், சோரியா இனங்களை நட்டார்கள். அடர்ந்த பைன் நிழலில் கன்றுகள் தேங்கி நின்றன. மூன்று வரிசை அகற்றிய இடைவெளியில் மிக நன்றாக வளர்ந்தன. திறந்த வெளியின் கடும் வெயிலைத் தாங்காத கன்றுகளுக்குப் பக்கத்துப் பைன் நிழல் கொடுத்தது. ஆக, பைன் செவிலியாகவும் இருக்கக்கூடிய மரம். அதை எதிரியாகப் பார்த்து ஒரேயடியாக வெட்டிச் சாய்ப்பது சரிவை மறுபடி மொட்டையாக்கும் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கராஜ ஓரத்தில் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் பெருங்காடு இருப்பதால் பறவைகளும் வௌவால்களும் வேறு பல மரங்களின் விதைகளைக் கொண்டுவந்து போடுகின்றன. ஈரமும் அதிகம், தீ குறைவு. ஊவாவின் பைனஸ் மலைகளைச் சுற்றி அப்படி விதை தரும் காடு பல இடங்களில் இல்லை. அங்கே கன்றுகளைக் கையால்தான் நட வேண்டும். வறட்சி தொடங்குமுன் சருகை வழித்துத் தீத்தடுப்புப் பட்டை வெட்டி, கன்றுகள் வேரூன்றும் வரை சில ஆண்டுகளாவது தீ அண்டாமல் காவல் இருக்க வேண்டும். புல்லுக்காகத் தீ வைக்கும் மாட்டுக்காரருக்கு வேறு மேய்ச்சல் நிலம் காட்டாமல் அந்தக் காவல் பலிக்காது.