பி.டி. பருத்தி: காய்க்குள் தோற்ற கணக்கு

புரட்டாசி பிறந்துவிட்டது. ராயகிரி, சிவகிரி, சங்கரன்கோவில் பக்கம் மானாவாரியாகப் பருத்தி போடுகிறவர்கள் ஐப்பசி மழைக்குள் விதையை மண்ணில் சேர்த்தாக வேண்டும். இந்த நேரத்தில் வந்த வாசகர் கடிதங்கள் பலவற்றிலும் ஒரே குழப்பம்: புழு விழாது என்று சொல்லித்தானே பி.டி. விதையைக் கொடுத்தார்கள், பிறகு காய்க்குள் சிவப்புப் புழு எப்படி வந்தது?

‘புழு எதிர்ப்பு’ என்பதன் பொருள் என்ன?

மண்ணில் வாழும் பி.டி. என்ற பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டு, காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே சுரக்கும் என்பது அரசு தரும் விளக்கம். புழு அந்த நஞ்சுக்குப் பழகும் வரைதான் இது செல்லும். 2002 மார்ச்சில் ஒரு நஞ்சு கொண்ட விதைக்கு அனுமதி கிடைத்தது. 2006இல் இரண்டு நஞ்சு கொண்ட விதை வந்தது. குஜராத்தில் முதல் நஞ்சைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இருப்பதை, இந்த விதைத் தொழில்நுட்பத்தைத் தந்த மான்சான்டோ நிறுவனமே 2010இல் ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டையும் தாங்கும் புழு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா எங்கும் பரவியது. அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சிகளை இந்த நஞ்சு ஆரம்பத்திலிருந்தே தொட்டதில்லை.

புழு பழகாமலிருக்க ஏற்பாடு இல்லையா?

இருந்தது, நுட்பமான ஏற்பாடு. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலமாக வந்தது நினைவிருக்கும். வயலில் ஐந்தில் ஒரு பங்கிலோ, சுற்றிலும் ஐந்து வரிசையாகவோ அதை விதைக்கச் சொன்னார்கள். அந்தச் செடிகள் புழுவுக்கென்றே விடப்பட்டவை. அங்கே நஞ்சு அறியாத அந்துப்பூச்சிகள் ஏராளமாகப் பெருகும். பி.டி. செடியில் தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு அந்துப்பூச்சிகள் அவற்றோடுதான் இணைசேரும். நஞ்சை முழுதாகத் தாங்கும் குணம் தாய், தந்தை இரு வழியிலும் வந்தாக வேண்டும். ஒரு வழியில் மட்டும் வந்த புழு பி.டி. செடியைத் தின்றால் சாகும். அரைகுறைத் தாங்குதிறன் உள்ள புழு சாக வேண்டும் என்பதுதான் மொத்தக் கணக்கும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு விட்டால் அந்த நட்டத்தை யார் தருவார்கள்? யாரும் தரவில்லை. பொட்டலங்கள் வரப்போரம் போயின. தவறு விவசாயியுடையது என்று அதிகாரிகள் முடித்துக்கொண்டார்கள்.

அது பாதி உண்மை. மறுபாதி விதைக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் நேரடி ரகம். காயிலுள்ள எல்லாக் கொட்டையிலும் நஞ்சு இருக்கும். இந்தியாவில் விற்றது வீரிய ஒட்டு விதை. அதன் காயில் கொட்டைக்குக் கொட்டை நஞ்சு மாறும்: சராசரியாக 16 கொட்டைகளில் ஒன்பதில் இரண்டு நஞ்சும், ஆறில் ஏதாவது ஒன்றும் இருக்கும், ஒன்றில் எதுவுமே இருக்காது. இளஞ்சிவப்புப் புழு தின்பது கொட்டையைத்தான். நஞ்சில்லாத கொட்டையில் வாய்வைத்து வளர்ந்துவிட்ட புழு, நஞ்சுள்ள கொட்டையையும் ஓரளவு சமாளிக்கும். சாக வேண்டிய அரைகுறைப் புழு இப்படிப் பிழைத்துக்கொள்கிறது. வரப்போரம் எத்தனை வரிசை நட்டாலும் காய்க்குள் கணக்கு தோற்கிறது.

இது தெரிந்தும் ஏன் ஒட்டு விதை? ஒட்டுச் செடியின் கொட்டையை எடுத்துவைத்து விதைத்தால் குணம் சிதறும். ஆண்டுதோறும் கடைக்குப் போயாக வேண்டும். விதை வியாபாரத்துக்கு ஏற்ற வடிவத்துக்குச் சூழலைக் காக்கும் ஏற்பாடு பலியானது. அதன் விலையை மண்ணும் நீரும், மருந்துத் தெளிப்பானைச் சுமக்கும் உடலும் கொடுக்கின்றன. விட்டுப்போன தெளிப்பு திரும்ப வந்துவிட்டது.

இப்போது சாதாரண விதையை அதே பாக்கெட்டில் கலந்தே தருகிறார்களே?

ஆம், 5 முதல் 10 சதவீதம் வரை. எறியும் பழக்கம் நின்றது, ஆனால் காய்க்குள் இருக்கும் சிக்கல் அப்படியே இருக்கிறது.

வெயில் கூடினால் புழுவும் கூடுமா?

வெப்பம் புழுவின் வளர்ச்சிக் காலத்தைச் சுருக்கும். ஒரே பருவத்தில் கூடுதல் தலைமுறை வரலாம்.

பருத்திப்பால் குடிக்கலாமா?

அந்த நஞ்சு காரத்தன்மையுள்ள புழுக்குடலில் வேலை செய்வது, மனித வயிற்று அமிலத்தில் சிதையும் என்கிறார்கள். ஆனால் மரபணு மாற்ற உணவுப் பயிர் நாட்டில் எதுவும் இல்லை என்று சொல்லும் அரசு, பருத்திக்கொட்டை எண்ணெய் அடுப்படிக்கு வருவதைப் பேசுவதில்லை.

பி.டி. கத்தரி?

2010 பிப்ரவரி 9 முதல் நிறுத்திவைப்பு.

2025 மே மாதம் அறிவித்த மரபணு திருத்த நெல் இரண்டும்?

அவற்றில் பூச்சி நஞ்சு இல்லை, இந்தச் சிக்கலும் இல்லை, ஆனால் பி.டி. பருத்தி கடந்துவந்த பாதுகாப்புச் சோதனை விதிகள் பலவற்றிலிருந்து அவ்வகைப் பயிர்களுக்கு 2022இலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் பட்டத்தில் என்ன செய்யலாம்?

குறுகிய கால விதையாக வாங்கி ஊரே ஒரே நேரத்தில் விதையுங்கள், 45ஆம் நாளில் இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள், ரோஜா மொட்டுபோல் விரியாமல் நிற்கும் பூக்களைப் பறித்து அழியுங்கள், கடைசிப் பறிப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கிவிடுங்கள்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

கொட்டையெல்லாம் ஒரே குணமுள்ள நேரடி ரகங்களைப் பொது ஆராய்ச்சி நிலையங்கள் வழியே விதைக்கடைக்குக் கொண்டுவர வேண்டும். 2024 ஜூலையில் மரபணு மாற்றப் பயிர்களுக்கென உச்ச நீதிமன்றம் கேட்ட தேசியக் கொள்கையில் அதை முதல் வரியாக எழுத வேண்டும்.