பச்சைக் கோப்பைக்குள் எத்தனை பெக்?

மார்ச் 17 அன்று டப்ளினில் தொப்பி பச்சை, தாடி பச்சை, கோப்பையும் பச்சை. புனித பேட்ரிக் திருநாளில் குடிப்பது காலங்காலமான ஐரிஷ் மரபு என்று நினைத்தால் தவறு. 1927-இல் வந்த சட்டம் அன்றைக்கு பப்களைப் பூட்டியே வைத்தது. 1960களின் தொடக்கத்தில்தான் கதவு திறந்தது.

பானத்தின் நிறத்தைக் கண்டு மிரள வேண்டாம். ப்ளூ குராசோ என்ற நீல லிக்கரில் ஆரஞ்சுச் சாறு விட்டாலே பச்சை வந்துவிடும். சாயம் அதிகமானால் மறுநாள் கழிப்பறையிலும் பச்சை தெரியலாம், அவ்வளவுதான். ஆனால் டார்ட்ரசின் (E102) என்ற மஞ்சள் சாயம் சிலருக்குத் தோலில் தடிப்பைக் கிளப்பும். குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை இந்தச் சாயம் சேர்ந்த எலுமிச்சை பானத்தில் இருக்கும்; 1.2 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டிலில் இருக்காது. ஐரோப்பிய ஒன்றியம் மதுவுக்குக் கொடுத்த விலக்கு அது.

உண்மையான ஆபத்து இனிப்பு மறைக்கும் ஆல்கஹாலில்தான். ஐரிஷ் பப்பில் ஒரு பெக் 35.5 மி.லி. அந்த அளவு வோட்காவில் சுமார் 11 கிராம் ஆல்கஹால். அதோடு முலாம்பழ லிக்கர் 25 மி.லி., குராசோ 25 மி.லி. சேர்ந்தால் ஏறக்குறைய 19 கிராம். அயர்லாந்தின் கணக்கில் 10 கிராம் ஒரு ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’. அதைக் கரைக்க உடலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். ஜூஸ் மாதிரி இறங்கும் மூன்று கோப்பை கிட்டத்தட்ட ஆறு மணி நேர வேலை. வீட்டு விருந்தில் பாட்டிலைக் கண்ணளவில் சாய்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அளவுக் கிண்ணம் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பப்பில் என்ன கலந்தார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். பால், முட்டை, கொட்டைப் பருப்பு உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய விவரத்தை எழுத்தில் தருவது கடையின் கடமை. கிராஸ்ஹாப்பர் காக்டெயிலில் க்ரீம் உண்டு, சில ‘சவர்’ வகைகளில் பச்சை முட்டை வெள்ளைக்கரு உண்டு. விவரம் தர மறுத்தால் அயர்லாந்து உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் இணையத்தில் புகார் செய்யலாம்.

போதை ஏறியவருக்கு ஊற்ற மறுப்பது சட்டப்படி சரி. அதற்குச் சண்டை போடாதீர்கள். பானத்தின் நிறத்தைக் கொண்டாடும் நாளில் ஆளின் நிறத்தைப் பார்த்து வாசலில் மறித்தால் கதை வேறு. மற்ற பாகுபாட்டுப் புகார்களைப் போல அந்த வழக்கு பணியிட உறவுகள் ஆணையத்துக்குப் போகாது. 2003 மதுபானச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே வாழும் நம் ஆட்கள் பலருக்கு இது தெரிவதில்லை.

யாராவது எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உடல் சில்லிட்டால் காபியும் குளிர்ந்த தண்ணீரும் பயன்படாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், 112 அல்லது 999-ஐ அழையுங்கள்.

மறுநாள் காலையிலும் காவலர்கள் சாலையில் ஊதச் சொல்வார்கள். வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி.; புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 20 தான். 18-ஆம் தேதி பேருந்தில் போங்கள்.