கூட்டமைப்புக்கு சாப்ட்வேர் வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?



1989-ல் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் மகளிர் குழுக்கள் தொடங்கின. நம்ம போச்சம்பள்ளியும் அப்போது அந்த மாவட்டம்தான். 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அந்தக் காலத்தில் ஒரு குழுவுக்கு ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு ரொக்கப் புத்தகம், ஒரு கால்குலேட்டர் போதும். இன்றைக்கு ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லேப்டாப்போடு ஆள் வருகிறார்கள். "எல்லாக் குழுக் கணக்கையும் ஒரே சாப்ட்வேர்ல ஏத்திடலாம் மேடம், இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஏனென்றால் அதற்குள் போகப் போவது நம்ம சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி எல்லாவற்றின் கணக்கும்.

மாந்தோப்பைக் கிரயம் பண்ணுவது வேற, மகசூலை மட்டும் குத்தகைக்கு எடுப்பது வேற. இது நம்ம பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சாப்ட்வேரில் பெரும்பாலும் கிரயம் என்பதே கிடையாது. காசு கொடுத்து நாம வாங்குவது பயன்படுத்தும் உரிமை மட்டும். அதற்குத்தான் லைசென்ஸ் என்று பெயர். அதிலும் இரண்டு விதம். ஒருமுறை பணம் கட்டினால் காலவரையறை இல்லாமல் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. வருஷா வருஷம் கட்டினால்தான் திறக்கும் என்பது இன்னொன்று.

கடைகளில் எல்லாரும் வைத்திருக்கும் டேலி பெங்களூருக் கம்பெனியுடையது. அதில் ஒரு கம்ப்யூட்டருக்கான லைசென்ஸ் தனி, பல கம்ப்யூட்டருக்கானது தனி. ஒருமுறை வாங்கும் லைசென்ஸ் எடுத்தவர்கள் வருடாந்திரச் சேவைக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டாலும் சாப்ட்வேர் ஓடும். புதிய மாற்றங்கள்தான் வராது. ஜி.எஸ்.டி. விதி மாறினால் அப்போது கஷ்டம். வாங்காமலே பழகிப் பார்க்க அதில் பயிற்சி முறை இருக்கிறது. மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டும் பதிவு ஏறும். நம்ம கணக்காளர் பெண்களை அதில் உட்கார வைத்துப் பழக்கினால் செலவே இல்லை.

எது லாபம் என்பதைப் பேனா எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: வருட வாடகை 18,000 ரூபாய். ஒருமுறை விலை 45,000, இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு 8,000. மூன்று வருடத்தில் வாடகை 54,000, மற்றது 61,000. நான்காம் வருடம் முடியும்போது வாடகை 72,000, மற்றது 69,000. ஆக நான்கு வருடமோ அதற்கு மேலோ ஓட்டப் போகிறோம் என்றால்தான் ஒருமுறை விலை நல்லது. இதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 45,000-க்கு அது மட்டும் 8,100. விலை சொல்லும் ஆள் இதைக் கடைசியில்தான் சொல்லுவார்.

அடுத்தது, யாரை எல்லாம் "பயனாளர்" என்று எண்ணுகிறார்கள்? இதில்தான் பெரிய பெரிய கம்பெனிகளே மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் டியாஜியோ என்ற மதுபானக் கம்பெனி மீது சாப் என்ற ஜெர்மன் சாப்ட்வேர் கம்பெனி வழக்குப் போட்டது. டியாஜியோவின் விற்பனையாளர்களும் வாடிக்கையாளர்களும் வேறொரு சாப்ட்வேர் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கும் லைசென்ஸ் கட்டணம் உண்டு என்று 2017-ல் நீதிமன்றம் சொன்னது. சாப் கேட்ட தொகை 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். நமக்கு அவ்வளவு வராது. ஆனாலும் ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் செல்போனில் கணக்குப் பார்த்தால் அவரும் ஒரு பயனாளரா? 40 குழு என்றால் 40 கட்டணமா? இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் "அதெல்லாம் இல்லக்கா" என்று சொல்வது செல்லாது.

விலை கூடாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். விஎம்வேர் என்ற அமெரிக்கக் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை லைசென்ஸ் விற்பதை நிறுத்தி, எல்லாம் சந்தாதான் என்று ஆக்கிவிட்டது. அதனால் அடுத்த மூன்று வருடத்துக்கு எவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பதை இப்போதே ஒப்பந்தத்தில் போட வேண்டும்.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. சந்தா கட்டவில்லை என்றால் நம்ம கணக்கு என்ன ஆகும்? சாப்ட்வேர் அவர்களுடையது, கணக்கு நம்முடையது. விலகும் நாளில் எல்லாப் பதிவையும் எக்செல் கோப்பாகத் திருப்பித் தர வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். பத்து வருட உள்கடன் கணக்கு ஒரு பாஸ்வேர்டுக்குள் பூட்டிக் கிடந்தால், வங்கி மேலாளர் முன்னால் எதைக் காட்டுவது? உறுப்பினரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

விலை பேசுவதில் நமக்குக் கூச்சமே வேண்டாம். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, சாப்ட்வேர் விலையும் அப்படித்தான். பக்கத்து ஆளுக்கு என்ன விலைக்குக் கொடுத்தான் என்பது வெளியே தெரியாது. எனவே குறைந்தது மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மார்ச் கடைசியில் அவர்களுக்கு வருடக் கணக்கு முடிக்கும் அவசரம் இருக்கும், அப்போது இறங்குவார்கள். முழுப் பணமும் முதலில் கொடுக்காதீர்கள். பயிற்சி முடிந்து, நம்ம பெண்ணே ஒரு மாதக் கணக்கைத் தனியாகப் போட்ட பிறகுதான் கடைசித் தவணை. மாதிரி காட்டும்போதும் அவர்கள் கொண்டுவரும் கணக்கைப் பார்க்க வேண்டாம். நம்ம பழைய ரொக்கப் புத்தகத்தைக் கொடுத்து, இதை ஏற்றிக் காட்டுங்க என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே திணறுவார்கள்.

வேண்டாம் என்று எழுந்து போக நமக்கு வழி இருந்தால்தான் பேரம் படியும். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தன் கம்ப்யூட்டர்களைக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸுக்கு மாற்றியது. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நமக்கும் வழி இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழிலும் கிடைக்கிறது. சின்னக் கூட்டமைப்பின் வரவு செலவுக்கு அதன் அட்டவணையே போதும். குழுக் கணக்குக்கு தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோக்ஓஎஸ் செயலி இருக்கிறது. அதில் என்ன வரும், என்ன வராது என்று வட்டார இயக்க மேலாண்மை அலகில் கேட்டுவிட்டு, வராததற்கு மட்டும் காசு கொடுப்போம்.

"எதுக்குக்கா காசு, நான் காப்பி போட்டுத் தர்றேன்" என்று சொல்லும் தம்பிகளும் வருவார்கள். காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்கு இல்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். ஆனால் மாம்பழக்கூழ், சிறுதானியம் விற்கும் கூட்டமைப்பு அப்படிச் சொல்லித் தப்ப முடியுமா? முறையாக வாங்கியதற்குப் பாதுகாப்புக்காக நகல் எடுத்து வைப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். லைசென்ஸ் பதிவாகும் மின்னஞ்சல் கூட்டமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். விற்க வந்தவருடையதோ, கணக்காளர் பெண்ணுடைய சொந்த முகவரியோ கூடாது. அவள் கல்யாணமாகி ராயக்கோட்டைக்குப் போய்விட்டால் லைசென்ஸும் கூடவே போய்விடும். பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, தலைவி, செயலாளர் இருவரும் கையெழுத்திட்டு தீர்மானப் புத்தகத்தோடு பீரோவில் வையுங்கள். புதுப்பிக்கும் தேதியைச் சுவர்க் காலண்டரில் ஒரு மாதம் முன்னாலேயே வட்டம் போட்டுவிடுங்கள்.