உறைக்குள் நாணயம், சீட்டில் எண்

இம்மாத இறுதிக்குள் நாணயங்களை ஒப்படைத்தால் அடுத்த தொகுப்பிலேயே தரமிடலுக்கு (கிரேடிங்) அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவதாக முகவர்கள் சொல்லிவருகிறார்கள். எனக்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் சுற்றுகின்றன: “என் ரூபாய்க்கு எம்எஸ் 64 கிடைத்திருக்கிறது. அந்தத் தரத்தில் உலகத்திலேயே நான்குதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அரிய நாணயமா?”

முதலில் அந்த 64. எம்எஸ் என்றால் புழங்கித் தேயாத நாணயம்; எண் அதன் தரம். கிரேடிங் நிறுவனங்கள் அதை அளந்தெடுத்த எண் போல முன்வைக்கின்றன. அது பழகிய கண்கள் சில சேர்ந்து சொல்லும் கருத்துதான். 70 வரையிலான அளவுகோலை வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்தது பழைய அமெரிக்கச் செம்பு சென்ட்டுகளுக்காக. அடிமட்டக் காசுக்கு ஒரு டாலர் என்றால் குறையற்றதற்கு 70 டாலர் என்ற விலைக்கணக்கு அது. விலைகள் மாறி அந்த விகிதம் பொய்த்துப்போனது. எண் மட்டும் தங்கிவிட்டது. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி ஆகிய கிரேடிங் நிறுவனங்கள் தொடங்கப்பட்ட பிறகு மற்ற நாடுகளின் நாணயங்களுக்கும் அதுவே அளவானது.

என்னைக் கவலைப்படுத்துவது அந்த ‘நான்கு’. அதைத் தருவது இந்நிறுவனங்கள் வெளியிடும் பாப்புலேஷன் ரிப்போர்ட் என்ற பட்டியல். எத்தனை முறை அந்தத் தரம் வழங்கப்பட்டது என்பதைத்தான் அது எண்ணுகிறது. எத்தனை நாணயங்கள் இருக்கின்றன என்பதை அல்ல. 64க்கும் 65க்கும் விலை பல மடங்கு வேறுபடும்போது, உரிமையாளர், நிறுவனம் தரச்சீட்டோடு நாணயத்தை மூடித்தரும் பிளாஸ்டிக் உறையை உடைத்து அதே நாணயத்தை மீண்டும் அனுப்புகிறார். மறுபடி 64 வந்தால் மறுபடி உடைக்கிறார். நான்கு முறை அனுப்பினால் ஒரே நாணயம் பட்டியலில் நான்காக நிற்கும். பழைய சீட்டைத் திருப்பி அனுப்பினால் கணக்கிலிருந்து கழிப்பார்கள். ஆனால் அதை அனுப்பியே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒருநாள் 65 வந்துவிட்டால் அந்த உறையை யாரும் உடைக்கப்போவதில்லை. குறைவான தீர்ப்பு வந்தால் மறுமுயற்சி, கூடுதலான தீர்ப்பு வந்தால் நிரந்தரம். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் தரங்கள் எந்தப் பக்கம் நகரும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் நிறுவனத்துக்குக் கட்டணமும் கிடைக்கிறது.

இந்திய நாணயங்களில் சிக்கல் தலைகீழ். 1947ஆம் ஆண்டின் புலி பொறித்த நிக்கல் ரூபாய் கோடிக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. பல வீடுகளின் பழைய பெட்டிகளில் இன்றும் கிடக்கிறது. சாதாரண நிலையில் இருக்கும் ஒன்றை அனுப்பி வாங்க ஆகும் செலவு நாணயத்தின் விலையைத் தாண்டும் என்பதால் பெரும்பாலோர் அனுப்புவதே இல்லை. ஆகவே அதன் பட்டியல் எண் சிறியதாக இருப்பதில் வியப்பில்லை. ‘மேலே ஒன்றுமில்லை’ என்றால், இதுவரை அதைவிட நல்லதை யாரும் அனுப்பவில்லை என்று மட்டுமே பொருள். விற்பவர்கள் இதை அறிந்தே ‘டாப் பாப்’ என்று விலை கூட்டுகிறார்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

மற்ற கேள்விகள்:

‘டீட்டெய்ல்ஸ்’ என்று வந்தால் போலியா? இல்லை, அசல்தான். ஆனால் தேய்த்தோ பழுதுபார்த்தோ சேதப்பட்டோ இருப்பதால் எண் தரவில்லை. புளி போட்டுத் துலக்கிய வெள்ளி ரூபாய்களும் காசுமாலையிலிருந்து பிரித்த சவரன்களும் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றன.

செம்புக் காசில் ஆர்டி, ஆர்பி, பிஎன்? சிவப்பு, கலப்பு, பழுப்பு: நிறம் மட்டும்.

எம்எஸ் 60ஐவிட, லேசாகத் தேய்ந்த ஏயூ 58 அழகாக இருக்கலாமா? இருக்கலாம், 60இல் தேய்மானம் இல்லாவிட்டாலும் உரசல் தழும்புகள் நிறைய இருக்கும்.

உறையே போலியாக இருக்குமா? இருக்கும். சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, படம் இருந்தால் ஒப்பிடுங்கள்.

நூறாண்டு கடந்த நாணயத்தை அனுப்பலாமா? 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். மத்திய அரசும் அது அதிகாரம் அளித்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்யக் கூடாது. அதில் பொறித்திருந்த யானை பன்றி போலத் தெரிந்ததால் திரும்பப் பெறப்பட்ட 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் இதில் அடங்கும். எந்த அதிகாரத்தில் அனுப்புகிறீர்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாத இறுதி கடந்தாலும் கொடுக்காதீர்கள்.