ஐங்கோணமும் ஜனவரி ஒன்றும்

ஆதார் எண்ணில் ஏதாவது ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டினால், அது செல்லாத எண் என்று கணினி உடனே சொல்லிவிடும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் அப்படித்தான். இதற்காக அது 130 கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைத் தேடுவதில்லை. சரியா தவறா என்பதற்கான சாட்சி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை அமைப்பவர் ஒவ்வொரு புலத்துக்கும், அதாவது ஃபீல்டுக்கும், சில பண்புகளை முன்கூட்டியே விதிக்கிறார். எழுத்தா, எண்ணா, தேதியா? எவ்வளவு நீளம்? காலியாக விடலாமா? விவரம் இல்லாவிட்டால் எதை நிரப்புவது? ஒரு நாடே இடம்பெறவிருந்த அட்டவணைக்கு இக்கேள்விகள் 2009இல் எழுந்தன. நந்தன் நிலேகணி தலைமையிலான ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்பப் பணி பெங்களூருவில் தொடங்கியது. என்னென்ன விவரம், எந்த வடிவில் என்பதை என். விட்டல் தலைமையிலான குழு வரையறுத்தது.

எண்ணுக்கு 12 இலக்கம். முதல் இலக்கம் 0 அல்லது 1 ஆக இருக்காது. கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அப்படியும் 8,000 கோடி எண்கள் கிடைக்கும். மாநிலமோ பிறந்த ஆண்டோ சாதியோ எதுவும் அதில் ஒளிந்திருக்காது.

அந்தக் கடைசி இலக்கம்தான் அதிசயம். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாகோபுஸ் வெர்ஹூஃப் 1969இல் தந்த முறை அது. கிரெடிட் கார்டுகளில் பயன்படும் லுன் முறை, 09 என்பது 90 ஆக மாறினால் ஏமாந்துவிடும். வெர்ஹூஃப் சாதாரணக் கூட்டலைக் கைவிட்டு, ஓர் ஒழுங்கான ஐங்கோணத்தை எடுத்துக்கொண்டார். அதன் உருவம் மாறாதபடி ஐந்து விதமாகச் சுழற்றலாம், ஐந்து விதமாகப் புரட்டலாம். மொத்தம் பத்து அசைவுகள், பத்து இலக்கங்கள்! 3ஐயும் 5ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே. ஐங்கோணத்தைச் சுழற்றிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுச் சுழற்றுவதும் ஒன்றல்ல. வரிசை மாறினால் விடை மாறும் இந்தக் கணக்கோடு, இடத்துக்கு இடம் இலக்கங்களைக் கலைத்துப்போடும் ஒரு விதியையும் அவர் சேர்த்தார். இடம் மாறிய இலக்கங்கள் அதில் தப்புவதில்லை.

பெயர்ப் புலத்தில் வேறு வகை அறிவு தெரிகிறது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்காமல் முழுப் பெயருக்கும் ஒரே புலம். குடும்பப் பெயரே இல்லாமல் இனிஷியலோடு வாழும் நமக்கு இது பெரிய நிம்மதி. பாலினத்தில் மூன்றாவது தேர்வு தொடக்கத்திலேயே இருந்தது; திருநர் உரிமை குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2014இல்தான்.

பிறந்த தேதியில்தான் சிக்கல். தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்னவர்களுக்கு, அந்த வயதிலிருந்து கணக்கிட்ட பிறந்த ஆண்டின் ஜனவரி 1 தானாகவே பதிவானது. சான்று பார்த்த தேதியா, சொன்ன தேதியா, உத்தேசமா என்று குறிக்கத் தனிப் புலம் உண்டு. ஆனால், அட்டையைப் பார்ப்பவர் கண்ணில் படுவது தேதி மட்டுமே. வெற்றிடத்தை வெற்றிடமாக விடுவதே நேர்மை என்பேன். ஆதார் பிறந்த தேதிக்குச் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டுப் பெரியவரின் அட்டையில் ஜனவரி 1 இருந்து, கையில் சரியான சான்றும் இருந்தால் திருத்திவிடுங்கள். பிறந்த தேதியைத் திருத்தப் பொதுவாக ஒரு முறைதான் அனுமதி. சான்றை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.