துப்பாக்கியைத் தடுப்பது சட்டமா, எல்லைக் காவலா?

நம் சங்கத்து அன்பர்களில் அநேகருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2017 பிப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாநிலத்து ஓலேத்தா நகரில், நம் ஹைதராபாத்திலிருந்து சென்ற இளம் பொறியாளர் ஒருவர் ஓர் உணவு விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2023 மே 6 அன்று டெக்ஸாஸ் மாநிலம் ஆலன் நகரக் கடை வளாகத்தில் எட்டுப் பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பெண் பொறியாளர். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நம்மவர் கூடும் இடங்களில் ஒரே விவாதந்தான். "நம் நாட்டில் சட்டம் கடுமை, அதனால் பிழைத்தோம்" என்பார் ஒருவர். "சட்டம் இருந்தும் நாட்டுத் துப்பாக்கி கிடைக்கவில்லையா, எல்லையில் கடத்தல் நிற்கவில்லையா" என்பார் மற்றவர்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் பயன் தருகிறது. எல்லை எங்கே இருக்கிறது என்பதில்தான் குழப்பம்.

நம் ஆயுதச் சட்டத்தின் பிறப்பு நல்ல பிறப்பு அல்ல. 1857-ஐ மறக்காத வெள்ளையர் ஆட்சியில், லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்த 1878-இல் அது வந்தது. இந்தியர் கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்பதே நோக்கம். சுதந்திரத்துக்குப் பின் 1959-இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். ஆனாலும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது என்ற அடிப்படை மாறவில்லை. 2019 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. உரிமமின்றித் தயாரித்து விற்பவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்றும் ஆக்கியது. (குடகு மக்களுக்கு மட்டும் வெள்ளையர் காலத்திலிருந்தே விதிவிலக்கு. அது 2029 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வீடு துப்பாக்கியைப் பூஜையில் வைத்து வணங்கும் அந்த ஊர் கொலைக்களமாகிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இந்தச் சட்டம் செய்யும் பெரிய உபகாரம் கொள்ளைக்காரனைத் தடுப்பது அல்ல. கோபக்காரனைத் தடுப்பதுதான். நம் ஊரில் பங்காளிச் சண்டையும் வாகனம் உரசிய சண்டையும் குறைவா? கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாததால் பெரும்பாலும் வாய்ச்சண்டையோடு போகிறது. அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,000-க்கு மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. ஒரு நிமிட விரக்தியில் மேஜை டிராயரைத் திறந்தால் துப்பாக்கி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும் அரசு சட்டத்தை இறுக்கி, சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது. அதன்பின் அங்கே துப்பாக்கிச் சாவுகள் குறைந்தன.

நிற்க. எல்லைக்கு வருவோம். இதற்கு நம் ஹைதராபாத்தை விட நல்ல பாடம் வேறில்லை. 1948-இல் நிஜாம் ராஜ்யத்தைச் சுற்றி நாற்புறமும் இந்தியா. கடற்கரை கிடையாது. சொந்த நாணயம், சொந்தத் தபால், சொந்த ரயில்வே எல்லாம் இருந்தும், சாலையிலும் ரயிலிலும் இந்திய அரசு போட்ட முற்றுகையை மீறி ஆயுதம் உள்ளே வர வழியில்லை. வந்தது எப்படி? ஆகாய மார்க்கமாக. சிட்னி காட்டன் என்ற ஆஸ்திரேலிய விமானி, லங்காஸ்ட்ரியன் விமானங்களில் கராச்சியிலிருந்து இரவோடிரவாகப் பறந்து, பீதரிலும் வாரங்கலிலும் இறக்கினார். முற்றுகை அதைத் தடுக்கவில்லை. அந்த ஆயுதங்கள் நிஜாமைக் காக்கவும் இல்லை. செப்டம்பர் 13-இல் தொடங்கிய இராணுவ நடவடிக்கை 17-ஆம் தேதி முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வாஞ்சியை நாம் தியாகியாகப் போற்றுகிறோம், அந்த நிலையத்துக்கே இன்று அவர் பெயர்தான். நான் சொல்ல வருவது சட்டத்தின் கதையை மட்டும். 1878 சட்டம் அமலில் இருந்தது. ஆனால் அடுத்தாற்போல் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. அங்கே வ.வே.சு. ஐயர் சுடப் பயிற்சி கொடுக்க, பிரிட்டிஷ் சட்டத்தின் கை அங்கே எட்டவில்லை. இன்று மெக்ஸிகோவின் நிலையும் அதுதான். அங்கே சட்டம் மிகக் கடுமை, ஆனால் வடக்கே அமெரிக்காவிலிருந்து துப்பாக்கிகள் தெற்கே இறங்குகின்றன. அமெரிக்காவில் எல்லை, எல்லை என்று கூவுகிறவர்கள் இந்தத் திசையைப் பேசுவதில்லை. ஓலேத்தாவில் சுட்டவன் "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்தினான். எல்லை கடந்து வந்தது நம் பிள்ளைதான், துப்பாக்கி அல்ல.

சரி, சுங்கத்தில் எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ராடா கம்பெனிக்கு வந்த 202 பெட்டிகள் முறைப்படி சுங்கச் சாவடியிலிருந்து வெளியேறின. கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தவை 192. மீதிப் பத்தோடு ஒரு மாட்டுவண்டி வேறு தெருவில் திரும்பிவிட்டது. 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் புரட்சிக்காரர் கைக்குப் போயின. எழுத்தரே அவர்கள் ஆள்! 1993 பம்பாய்க் குண்டுவெடிப்புக்கான சரக்கு ராய்கட் கடற்கரையில் இறங்கிய வழக்கில் சுங்க அதிகாரிகளே தண்டிக்கப்பட்டார்கள். 2018-இல் பீகாரின் முங்கேரில் கிணற்றிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் 20-க்கு மேற்பட்ட ஏ.கே. 47 துப்பாக்கிகளைப் போலீசார் எடுத்தார்கள். அவை எந்த நாட்டு எல்லையையும் தாண்டவில்லை. ஜபல்பூரில் உள்ள நம் இராணுவத் தளவாடக் கிடங்கிலிருந்து போனவை.

அந்த முங்கேர் 1760-களில் மீர் காசிம் ஆயுதச் சாலை வைத்த ஊர். கைவேலை தலைமுறை தலைமுறையாக வந்தது. ஒரு கடைசல் இயந்திரம், ஒரு துளை இயந்திரம், ஓர் அரம் இருந்தால் நாட்டுத் துப்பாக்கி உருவாகிவிடுகிறது. ரயில்வே பணிமனையில் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒன்றும் அதிசய வித்தையல்ல. ஜப்பானைப் போலச் சட்டம் இறுக்கமான நாட்டிலேயே 2022-இல் முன்னாள் பிரதமர் அபேயை, நாரா நகரில் ஒரு ரயில் நிலையத்தின் வெளியே, வீட்டில் செய்த துப்பாக்கியால் சுட்டார்கள். ஆனாலும் ஜப்பானில் துப்பாக்கிச் சாவு ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணத்தக்கதே என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் தேர்தல்தோறும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குற்றங்களில் பிடிபடுவதில் மிகப் பெரும்பங்கு உரிமம் இல்லாதவை. ஆகவே உரிமதாரரை மேலும் கசக்குவதைவிட, கிடங்குக் கணக்கில் கை வைக்க வேண்டும். ரயில்வே ஸ்டோர்ஸில் ஒரு பித்தளை வால்வு குறைந்தால் சரக்குச் சரிபார்ப்பாளர் விடமாட்டார், பதில் எழுதியே ஓய்ந்துபோவோம். ஆயுதக் கிடங்கில் கழித்துக்கட்டிய துப்பாக்கிக்கும், அதன் ஒவ்வோர் உதிரி பாகத்துக்கும், அதே கெடுபிடி வேண்டும்.

பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாதம் அமெரிக்கா கிளம்பும் அன்பர்களுக்கு ஒன்று. டெக்ஸாஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயது நிரம்பியவர் பெரும்பாலும் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். சாலையில் யாராவது சீறினால் மாப்பிள்ளையைப் பதிலுக்குச் சீற வேண்டாம் என்று சொல்லுங்கள். குழந்தை விளையாடப் போகும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் தோட்டா இல்லாமல் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பெற்றோர் கேட்டே ஆகவேண்டும். அங்குள்ள குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள், அங்கே அது அநாகரிகம் அல்ல.